சிவப்புப் பொட்டு வைச்ச ஏறுபாதை

பனிப்புயல் அடிச்சால் ரோட்டில வாகனம் குறையும். இதைக் கண்டுபிடிக்கிறதுக்கு எங்களுக்குச் சம்பளம் தந்தவை. சிரியாதேங்கோ, என்ர மனுசனும் இப்பிடித்தான் சிரிச்சவர். குறையும் எண்டது எல்லாருக்கும் தெரியும். எந்த ரோட்டில, எந்த மணித்தியாலத்தில, எவ்வளவு குறையும் எண்டதுதான் கேள்வி. அந்த மறுமொழியை வைச்சுத்தான் பனி தள்ளுற லொறியை முதலில எங்க விடுறது, பேந்து எங்க விடுறது எண்டு முடிவெடுப்பினம். நாங்கள் பிழையாச் சொன்னால் எங்கேயோ ஒரு வாகனம் பனிக்குள்ள கிடந்து உழலும்.

இந்த வேலைக்குப் புதுசா வந்த நீங்கள் கொஞ்சப்பேர், அனுபவத்தில ஒண்டு எழுதித் தாங்கோ எண்டு கேட்டியள். சென்னையில இருந்து வந்த பிள்ளையள் "மேடம்" எண்டு எழுதியிருந்தியள். அது எனக்குப் பின்னால நிக்கிற ஆரையோ கூப்பிடுற மாதிரிக் கிடக்கு. அக்கா எண்டால் போதும். நான் நல்லாச் செய்த வேலையளை எழுதினால் உங்களுக்கு நித்திரை வரும். அதால நான் விட்ட ஒரு பெரிய பிழையை எழுதுறன். இப்ப நினைச்சாலும் அப்பாடா எண்டு ஒரு பெருமூச்சு வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் பத்து வருசத்துக்குள்ள நடந்த விசயம். நான் அப்ப வீதிப் போக்குவரத்துக் கணக்கெடுக்கிற ஒரு சின்னக் கொம்பனியில வேலை. செயின்ட்-மிஷேலில ஒரு தையல் ஃபாக்டரியில ஏழு வருசம் காற்சட்டைக்குச் சிப் தைச்சு, பின்னேரத்தில பிரெஞ்சு படிச்சு, பேந்து கொலிஜ் முடிச்சு எடுத்த வேலை. அதுவும் ஒப்பந்த வேலைதான். அந்த விண்டர் முடிய நிரந்தரமாக்கிறம் எண்டு சொல்லியிருந்தவை. நான் எவ்வளவு கவனமா நடந்திருப்பன் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அந்தக் கவனம்தான் என்னைக் கவிழ்த்தது.

நெடுஞ்சாலையில ஒவ்வொரு லேனுக்கும் நடுவில, தாருக்குக் கீழ, ஒரு கம்பி வளையம் புதைச்சிருக்கும். அதுக்கு மேலால வாகனம் போனால் கரையில நிக்கிற பெட்டி அதை ஒண்டு எண்டு எண்ணும். அவ்வளவுதான் எங்கட வித்தை. பெட்டியள் பனியிலயும் உப்பிலயும் கிடக்கிறதால அடிக்கடி பழுதாகும். அதுக்கு எங்கட கந்தோரில ஒரு வழக்கம் இருந்தது. சுவரில பெரிய வரைபடம். ஒரு பெட்டியின்ர கணக்கு பக்கத்துப் பெட்டியளோட ரெண்டு தரம் ஒத்துப்போகாட்டி, வரைபடத்தில அதுக்கு மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டுவம். ஒட்டினால் முடிஞ்சுது. அந்தப் பெட்டி என்ன சொன்னாலும் ஒருத்தரும் காது குடுக்க மாட்டினம்.

"அக்கா, இன்னிக்கு யாருக்குப் பொட்டு வெக்கணும்?" எண்டு கேட்பான் செந்தில். அவன் கோயம்புத்தூர்ப் பெடியன். இஞ்ச படிச்சு முடிச்சு, எங்களிட்டக் கணிப்பு வேலைக்கு வந்தவன். கணக்கில புலி.

அந்த வருசம் நெடுஞ்சாலையைப் பராமரிக்கிற ஆக்கள் எங்களிட்ட ஒரு வேலை தந்தவை. புயல் நாளில எந்தத் துண்டு ரோட்டில எவ்வளவு வாகனம் ஓடுது எண்டு சொல்லுங்கோ, அதுக்கேத்த மாதிரி லொறியளின்ர அட்டவணையை மாத்தப்போறம் எண்டு. நானும் செந்திலும் பழைய கணக்கெல்லாம் கிண்டி எடுத்து வைச்சுப் பார்த்தம். நாங்கள் இருக்கிற பியர்பொன்ட்ஸ் பக்கத்தில இருந்து நகரத்துக்குப் போற நாப்பதாம் நெடுஞ்சாலையில, விடிய அஞ்சு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில, புயலடிச்சால் வாகனம் பாதிக்கும் கீழ விழுது. நாலு பெட்டி அதையே சொல்லுது. அந்த நெடுஞ்சாலைக்கு ஏறுற பாதையில நிண்ட ஒரேயொரு பெட்டி மட்டும், அவ்வளவாக் குறையேல்லை எண்டு சொல்லிக்கொண்டு நிண்டது.

"அக்கா, இந்த ராம்ப் மட்டும் ஏன் குறையவே இல்ல?" எண்டு செந்தில் கேட்டவன். கேட்டவன் எண்டதை வடிவா நினைவில வைச்சிருங்கோ.

"நாலு சொல்லுது, ஒண்டு சொல்லேல்லை. எது பழுது? பொட்டை வை" எண்டு சொல்லிப்போட்டு நான் அறிக்கையில கையெழுத்து வைச்சன்.

அறிக்கையில நான் எழுதினது என்ன தெரியுமோ? அந்தத் துண்டுக்கு விடிய லொறி தேவையில்லை, ஏழு மணிக்குப் பிறகு முதல் தரம் தள்ளினால் போதும், அந்த லொறியளை நெரிசல் கூடின ஆத்துப் பாலத்தடிக்கு விடலாம் எண்டு. எங்கட பொறுப்பாளர் வாசிச்சுப்போட்டு என்ர மேசையடிக்கு வந்து "பிராவோ" எண்டவர். அவர் பிராவோ சொல்லுறது லேசில நடக்கிற காரியமில்லை. நான் அண்டைக்கு வீட்டை போகேக்க கேக் வேண்டிக்கொண்டு போனனான். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நெடுஞ்சாலைக்காரரோட கூட்டம். அதில ஓம்பட்டால் அடுத்த கிழமையில இருந்தே புது அட்டவணை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் புயல் தொடங்கிச்சுது. திங்கள் விடியக் கதவைத் திறந்தால் படியைக் காணேல்லை. பள்ளிக்கூடம் இல்லை, ரெயில் பிந்தும் எண்டு ரேடியோ சொல்லுது. நான் கந்தோருக்கு வரமாட்டன் எண்டு போன் பண்ணிப்போட்டு ஜன்னலடியில இருந்தன். எங்கட தெருவில ஒரு குருவி இல்லை. பாத்தியே, நான் சொன்னதுதானே எண்டு எனக்குள்ள ஒரே சந்தோசம், புளுகம். அந்தப் புளுகத்தோட மத்தியானத்துக்குக் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைச்சன்.

பின்னேரம் மூண்டு மணி போல பவானி வந்தா. பவானி என்ர மனுசன்ர தங்கச்சி. எங்கட வீட்டுக் கீழ்த்தட்டில இருக்கிறா. கோட்-டெ-நெய்ஜில ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில வேலை. ஆறு மணிக்கு வேலை தொடங்கிறபடியால் அஞ்சே கால் அஞ்சரைக்கு ஒரு வான் வந்து ஏத்தும். வான்கார அண்ணை எங்கட ஊர்ப் பக்கம். அவர் எங்கட பக்கத்துச் சனம் ஏழெட்டுப் பேரை ஏத்தி, ஆஸ்பத்திரி, ஹோட்டல், முதியோர் இல்லம் எண்டு ஒவ்வொரு இடமா இறக்கிக்கொண்டு போவார்.

பவானி பூட்ஸைக் கழட்டி எறிஞ்சா. முகம் உர்ரெண்டு கிடந்தது.

"மச்சாள், கால் விறைச்சுப்போச்சு. முதல் தேத்தண்ணியைத் தாங்கோ, பேந்து கதைப்பம்."

நான் தேத்தண்ணியும் குடுத்து, மிச்சக் கேக்கையும் வெட்டி வைச்சன். வைச்சுப்போட்டு வாய் சும்மா இருக்குதே? "இண்டைக்கு நாப்பதாம் ரோட்டு வெறிச்சுப்போய்க் கிடந்திருக்கும் என்ன? ராசாத்தி மாதிரிப் போயிருப்பாய்" எண்டன்.

அவ கோப்பையை வைச்சா. "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? எங்க வெறிச்சுக் கிடந்தது? வாலைப் பிடிச்சுக்கொண்டு போனம். ஆறரைக்குத்தான் போய்ச் சேர்ந்தன். எனக்கு எவ்வளவு பேச்சு விழுந்தது தெரியுமோ?"

"சும்மா சொல்லாதை. புயலுக்க எல்லாரும் வீட்டிலதானே நிண்டிருப்பினம்."

"எல்லாரும் எண்டால் ஆர்? நீங்களோ? நாங்கள் வீட்டில நிண்டால் வாட்டில கிடக்கிற சனத்துக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது? ஹோட்டல் பாத்ரூமை ஆர் கழுவுறது? கந்தோர்க்காரர்தான் வீட்டில நிப்பினம். அவை எட்டு மணிச் சனம். அஞ்சரைக்குப் போற சனத்தில நிக்கிற ஆக்கள் குறைவு, மச்சாள்."

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. "என்னட்டக் கணக்கு இருக்குப் பவானி. நாலு மிசின் சொல்லுது" எண்டன்.

"உங்கட மிசின் உதில நிண்டு பாத்ததே? மூண்டு லேன் எங்க கிடந்தது? கோடு ஒண்டும் தெரியாது. முன்னால போன லொறி ஒரு தடம் போட்டுது, அதில எல்லாரும் போனம். இஞ்ச பாருங்கோ." அவ எங்கட மேசை விரிப்பில கை வைச்சா. கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு அது. ரெண்டு தேக்கரண்டியை எடுத்து, ரெண்டு கோட்டுக்கு மேலயும் ஒவ்வொண்டா வைச்சுத் தள்ளினா. "இதுதான் ரோட்டுக் கோடு. இதுக்கு மேலாலதான் எல்லாரும் போறம். மூண்டு வரிசை ரெண்டாப் போச்சு. விளங்குதோ?"

தேக்கரண்டி கோட்டுக்கு மேலால போகுது. என்ர வளையம் எங்க கிடக்கு? கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில. ஒரு கார் கோட்டுக்கு மேலால போனால் இந்தப் பக்க வளையத்திலயும் முட்டாது, அந்தப் பக்க வளையத்திலயும் முட்டாது. ரெண்டுக்கும் இடையால வழுவிக்கொண்டு போயிடும். புயலில வாகனம் குறையேல்லை. என்ர வளையத்துக்கு மேலால போற வாகனம்தான் குறைஞ்சது.

அந்த ஏறுபாதை ஞாபகம் வந்தது. அது ஒற்றை லேன், ரெண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு. அதில ஒருத்தரும் விலகிப் போகேலாது, வளையத்துக்கு மேலாலதான் போகவேணும். உண்மையைச் சொன்ன ஒரே பெட்டிக்கு நான் பொட்டு வைச்சு வாயை மூடிப்போட்டன்.

மேசையில இருந்தபடியே எல்லாத்தையும் பவானிக்குச் சொன்னன். லொறி இனி ஏழு மணிக்குப் பிறகுதான் வரும் எண்டு நான் எழுதிக் குடுத்ததையும் சொன்னன். அவ கத்துவா எண்டு நினைச்சன். கத்தேல்லை. கேக்கை அப்பிடியே வைச்சுப்போட்டு என்னைப் பாத்தா.

"அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் போனது உங்கட கணக்கில இல்லையோ?"

எனக்கு அழுகை வந்தது. வந்தது எண்டு சொல்லுறதுக்கு எனக்கென்ன வெட்கம்? இப்ப இருக்கிற அட்டவணைப்படி விடிய லொறி ரெண்டு தரம் தள்ளியே அந்த ரோட்டு இப்பிடிக் கிடக்கு. ஒருக்காலும் தள்ளாத பனிக்குள்ள அந்த வான் எட்டுப் பேரோட எப்பிடிப் போகும்? அந்த எட்டில ஒராள் என்ர வீட்டுக் கீழ்த்தட்டில படுத்தெழும்புற ஆள்.

செந்திலுக்குப் போன் எடுத்தன். அவன் கோட்-டெ-நெய்ஜில ரெண்டு பேரோட ஒரு அறையில இருந்தவன், மெட்ரோ ஓடினபடியால் கந்தோரிலதான் நிண்டான். "பொட்டு வைச்ச ஏறுபாதையின்ர கணக்கை எடு. புயல் நாளுகள் மட்டும் வாசி" எண்டன். அவன் வாசிக்க வாசிக்க நான் கலண்டருக்குப் பின்பக்கத்தில எழுதினன். குறைஞ்சிருக்கு, கொஞ்சமாத்தான். பவானி சொன்னது சரி.

"அக்கா, நான் அப்பவே கேட்டேன்ல?" எண்டான் மெதுவா.

"கேட்டனிதான். நான்தான் கேளேல்லை."

பொறுப்பாளருக்கு அடுத்த போன். அவர் பொறுமையாக் கேட்டுப்போட்டு, "ஒரு ஏறுபாதையையும் உங்கட மச்சாளையும் வைச்சுக்கொண்டு நான் அவையளிட்ட என்ன சொல்லுறது?" எண்டார். நியாயமான கேள்வி. நாளைக்குக் காலமை பத்து மணிக்குள்ள வேற ஆதாரம் இருந்தால் கொண்டு வாங்கோ, இல்லாட்டி மேலதிக ஆய்வு தேவை எண்டு கடைசிப் பக்கத்தில ஒரு வரி சேர்ப்பம் எண்டார். நல்ல வசதியான வரி அது. உங்களுக்கும் ஒரு நாளைக்கு அந்த வரியை ஆரும் நீட்டுவினம். அந்த ஆய்வு முடிய அடுத்த விண்டர் வந்திடும். அதுவரைக்கும் புது அட்டவணைதான் ஓடும்.

புயல் இன்னும் விடேல்லை. செவ்வாய் விடியவும் கொட்டும் எண்டு ரேடியோ சொன்னது. அண்டைக்கு நான் முதல் தரமா, பனி நிக்காமல் கொட்டவேணும் எண்டு நேர்ந்தன். கடவுளே, இந்த நாட்டில ஆரும் அப்பிடிக் கேட்டிருப்பினமோ தெரியாது.

செவ்வாய் விடிய அஞ்சே காலுக்குப் பவானியோட நானும் வானில ஏறினன். பவானி தன்ர தடிச்ச கையுறையை எனக்குத் தந்து, சுடுதண்ணிப் போத்தலில இஞ்சித் தேத்தண்ணியும் ஊத்தித் தந்தவ. நெடுஞ்சாலைக்கு மேலால ஒரு மேம்பாலம் போகுது. அதுக்குச் சரியாக் கீழதான் எங்கட நாலு பெட்டியில ஒண்டு. வான்கார அண்ணையை அதடியில நிப்பாட்டச் சொன்னன்.

"பிள்ளை, இதில இறங்கி நீர் என்ன செய்யப் போறீர்?"

"வாகனம் எண்ணப் போறன், அண்ணை."

அவர் கண்ணாடிக்குள்ளால பவானியைப் பாத்தார். "உவவுக்கு ஏதும் சுகமில்லையோ?" எண்டு கேட்டார். வானுக்குள்ள எல்லாரும் சிரிச்சினம். பவானி மட்டும் சிரிக்கேல்லை. "எங்களையும் சேத்து எண்ணத்தான் அண்ணை நிக்கிறா" எண்டா.

மேம்பாலத்தில ஏறி ஒரு மணித்தியாலம் நிண்டன். கையில, அமத்த அமத்த எண்ணுற பழைய கிளிக்கர் ஒண்டு. நகரத்துப் பக்கம் போற விளக்குகளை மட்டும் எண்ணினன். ஒரு சோடி விளக்கு, ஒரு அமத்து. பெருவிரல் விறைச்சுப்போக மற்றக் கைக்கு மாத்தினன். இமையில பனி பிடிச்சுது. கீழ பாத்தால் பவானி சொன்னது அச்சொட்டா அப்பிடியே. ரெண்டு தடம், ரெண்டும் கோடு கிடக்கவேண்டிய இடத்தில, முடியாமல் வந்துகொண்டே இருக்கு. இவ்வளவு வருசம் இந்த வேலை செய்து, புயலுக்க ஒரு நாள்கூட நான் ரோட்டைப் போய்ப் பாக்கேல்லை. புயலடிச்சால் நான் வீட்டில நிக்கிற ஆள். அதால எல்லாரும் வீட்டில நிப்பினம் எண்டு நம்பினன்.

அஞ்சே முக்காலில இருந்து ஆறே முக்கால் மட்டும் எண்ணிப்போட்டு, பக்கத்து டெப்பனர் எண்ட சில்லறைக்கடைக்குள்ள ஓடினன். கடைக்காரப் பெடியன் என்ர கோலத்தைப் பாத்துப்போட்டு, கேக்காமலே கோப்பி ஊத்தித் தந்தான். கந்தோரில செந்தில் ஆறு மணிக்கே போய் இருந்தவன். பெட்டியைப் போன் லைனில கூப்பிட்டால் அது தன்ர கணக்கைச் சொல்லும். கடைப் போனில அவனைக் கூப்பிட்டன்.

"முதல்ல நீங்க சொல்லுங்கக்கா."

நான் கிளிக்கரை வாசிச்சன். அவன் அதைப் பெட்டிக் கணக்குக்குப் பக்கத்தில எழுதுற சத்தம் கேட்டது.

"செந்தில்? பெட்டி என்ன சொல்லுது?"

"அக்கா, பெட்டி இதுல பாதிகூட எண்ணலக்கா."

கடைக்குள்ள நிண்டு பலமாச் சிரிச்சன். கோப்பி சட்டையில சிந்திச்சுது. என்ர பிழை நிரூபணமாச்சுதெண்டு ஒரு மனிசி இப்பிடிச் சந்தோசப்படுவாளோ எண்டு கேட்டால், ஓம், படுவாள். பெட்டி சரியா எண்ணியிருந்தால்தான் நான் என்ன செய்திருப்பன் எண்டு எனக்குத் தெரியாது.

கூட்டத்தை ஒருத்தரும் தள்ளிப்போடேல்லை. பனி தள்ளுற ஆக்கள் பனி கொட்டுதெண்டு வீட்டில நிப்பினமே? உள்ள போக முதல் பொறுப்பாளர் என்னை ஒரு பக்கமாக் கூப்பிட்டு, "பெட்டியளில ஒரு தொழில்நுட்பக் குறைபாடு எண்டு சொல்லுவம்" எண்டார். எனக்காகத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். என்ர நிரந்தர வேலை அவரின்ர மேசையிலதான் கிடந்தது.

ஆனால் பெட்டியில குறைபாடில்லை. வளையத்துக்கு மேலால போனதை அது ஒழுங்கா எண்ணினது. பெட்டியில பழி போட்டால் பெட்டியைத் திருத்தச் சொல்லுவினம், அட்டவணையைத் தொடமாட்டினம். நான் எழும்பி, கைவசம் இருந்த பிரெஞ்சில, அறிக்கை பிழை எண்டன். ரெண்டு தேக்கரண்டியை எடுத்துக் காட்டினன். ஓம், பவானியின்ர அதே ரெண்டு கரண்டி, கைப்பைக்குள்ள போட்டுக்கொண்டு போனனான். கிளிக்கர் கணக்கையும் பெட்டிக் கணக்கையும் பலகையில பக்கத்துப் பக்கத்தில எழுதினன்.

அவையளின்ர பக்கத்தில இருந்த ஒரு அம்மா கேட்டா, "ஏறுபாதைப் பெட்டியை விலக்கினது ஆர்?"

"நான்தான்."

செந்தில் பக்கத்தில இருந்து வாயைத் திறக்கப் பாத்தான். காலால ஒரு தட்டுத் தட்டினன்.

அந்த அம்மாதான் லொறிச் சாரதிமாருக்குப் பொறுப்பு. பேனையை மூடி வைச்சுப்போட்டு, "என்ர சாரதிமார் ரெண்டு வருசமாச் சொல்லுறாங்கள், விடிய அந்த ரோட்டில காருக்கிடையில தள்ளவே ஏலாமல் கிடக்கு எண்டு. கடதாசியில இல்லாததால ஒருத்தரும் நம்பேல்லை" எண்டா. அட்டவணை மாறேல்லை. விடியத் தள்ளுற லொறி விடியவே தள்ளும் எண்டு அந்த மேசையிலயே முடிவாச்சு. நான் கதிரையில இருந்தன். கரண்டி ரெண்டையும் துடைச்சுக் கைப்பைக்குள்ள போட்டன்.

நிரந்தர வேலை அந்த வருசம் கிடைக்கேல்லை. அடுத்த வருசம் கிடைச்சது. கூட்டம் நடந்த அண்டைக்குப் பின்னேரம் பொறுப்பாளர் வரைபடத்தடிக்குப் போய், ஏறுபாதைக்கு மேல ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால சுரண்டி எடுத்து என்ர கையில வைச்சார். அதை நான் என்ர கணினித் திரையின்ர மூலையில ஒட்டினன். நான் ஓய்வுபெற்ற நாள் வரைக்கும் அதிலதான் இருந்தது. பொட்டு வைக்கவேண்டிய இடம் அதுதானே எண்டு செந்தில் பகிடி பண்ணுவான்.

ஆனபடியால் பிள்ளையள், நாலு மிசின் ஒண்டைச் சொல்லி ஒண்டு மாட்டன் எண்டு நிண்டால், பொட்டு வைக்க முதல் அந்த ஒண்டு எங்க நிக்குது எண்டு போய்ப் பாருங்கோ. அந்த ரோட்டால அந்த நேரத்தில போற ஒராளைப் பிடிச்சு, தேத்தண்ணி குடுத்துக் கேளுங்கோ. உங்களோட ஒரே வீட்டிலயே அந்த ஆள் இருக்கக்கூடும். பக்கத்தில இருக்கிற பெடியன் ஏன் எண்டு கேட்டால் ஒரு நிமிசம் நில்லுங்கோ. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது.

ரெண்டு கிழமை கழிச்சு அடுத்த புயல். நான் அஞ்சு மணிக்கே எழும்பி, வான் வந்து பவானியை ஏத்திக்கொண்டு போறதை ஜன்னலால பாத்தன். பிறகு குசினிக்குள்ள போனுக்குப் பக்கத்தில இருந்தன். தேத்தண்ணி போடவும் மனமில்லை. ஆறு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கப் போன் அடிச்சுது. பின்னால ஆஸ்பத்திரிச் சமையலறையில பாத்திரம் விழுற சத்தம்.

"வந்து சேர்ந்திட்டன் மச்சாள். ரோட்டு வழிச்சுக் கிடந்தது. என்னை எண்ணிப்போட்டியளோ?"

"ஓம் பவானி, எண்ணியாச்சு" எண்டன். அவ வேலையை விடுமட்டும், ஒவ்வொரு புயலுக்கும் அந்தப் போன் வரும். அதுக்குப் பிறகுதான் நான் என்ர தேத்தண்ணியைப் போடுவன்.